விழுங்கக் கூடாத மிடறு

ஜனவரி 14, திங்கள்

இந்த நோட்டைப் பொலின் மேடம் கொடுத்தார். முகர்ந்ததையும் சுவைத்ததையும் அன்றன்றே எழுதி வைக்க வேண்டுமாம். ஆங்கிலத்தில் வார்த்தை தேடுவதற்குள் எனக்கு வாசனை போய்விடுகிறது என்றேன். உன் மொழியிலேயே எழுது, என்னிடம் வாயால் சொன்னால் போதும் என்றார். முன்பக்கம் விஸ்கிக்கு, பின்பக்கம் என் சொந்த விஷயத்துக்கு என்று பிரிக்க நினைத்தேன். முதல் நாளே இரண்டும் கலந்துவிட்டன.

இந்த வேலை எனக்கு வந்த விதம் வேடிக்கை. சிங்கப்பூர் வந்த நான்கு வருடமாக இந்த ஹோட்டலின் பின்வாசலில், சாமான் இறங்கும் இடத்தில் மீன் பரிசோதிக்கிறேன். தூத்துக்குடி இறால் கம்பெனியில் எட்டு வருடம் செய்ததும் இதே வேலைதான். ஒரு தட்டு இறாலை மூக்கருகே தூக்கினால் எத்தனை நாள் பனிக்கட்டியில் கிடந்தது என்று சொல்லிவிடுவேன். போன மாதம் பார் ஐஸில் நண்டு வாசம் அடிக்கிறது என்றேன். யாருக்கும் அடிக்கவில்லை. திறந்து பார்த்தால் நண்டுத் தொட்டியின் வடிகுழாயும் ஐஸ் மெஷினின் வடிகுழாயும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. அன்றைக்குத்தான் பார் பொறுப்பாளர் பொலின் டியோ என்னை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

இருபத்து மூன்றாம் மாடியில் ஏப்ரலில் ஒரு விஸ்கி பார் திறக்கிறார்கள். பல நாடுகளிலிருந்து நூற்றெண்பது மாதிரிகள் வந்திருக்கின்றன. அறுபதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேசையில் மூன்று பேர்: மேடம், ஸ்காட்லாந்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட மிஸ்டர் கெர் என்ற பெரியவர், நான்.

நான் குடிக்க மாட்டேன் என்று சொன்னேன். குடிக்கச் சொல்லவில்லை, வாயில் வைத்துத் துப்பச் சொல்கிறேன், விழுங்குகிறவர்களை இந்த மேசையில் உட்கார வைப்பதில்லை என்றார் மேடம். தேர்வு நல்லபடியாக முடிந்தால் எனக்குப் பாரிலேயே நிரந்தரப் பதவி. அந்தப் பதவிக்குப் பிள்ளையைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஜோஸ்லினுக்கு அடுத்த மாதம் ஒன்பது வயது. ஊரில் அக்காவிடம் அவளை விட்டு வந்தபோது அவளுக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது.

சரி என்றேன்.

ஜனவரி 16, புதன்

முதல் சுவைப்பு. கிளாஸ் அடி பெருத்து வாய் குறுகி இருக்கிறது. முகரும்போது வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சாராய நெடி மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர வேண்டும்.

கிளாஸைத் தூக்கியதும் என் கணவர் ஜெரால்டு வந்து நின்ற மாதிரி இருந்தது. பதினொரு வருடம் அந்த நெடியோடு படுத்து எழுந்திருக்கிறேன். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். ஜோஸ்லினை நினைத்துக்கொண்டு வாயில் வைத்தேன். துப்பிவிட்டுக் கழிவறைக்குப் போய் உப்புத் தண்ணீரில் மூன்று முறை கொப்பளித்தேன்.

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவு ஒன்றிலிருந்து வந்தது: படகு அடிப்பலகைக்குத் தார் பூசிய அன்று கடற்கரையில் கருவாடும் காய்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி. கூடவே ஆஸ்பத்திரி டிஞ்சர். இதைச் சொன்னதும் மிஸ்டர் கெர் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முகர்ந்தார். நாற்பது வருடமாகக் குடிக்கிறேன், இப்போதுதான் அது என்னவென்று தெரிகிறது என்றார்.

நான் சொன்னதற்காக ஒருவர் கண்ணை மூடி யோசித்தது இதுதான் முதல்முறை.

ஜனவரி 20, ஞாயிறு

மூன்று மணிக்கு ஜெரால்டு கூப்பிட்டார். மறுவாழ்வு இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் போன் தருகிறார்கள். மூன்றாவது தடவையாகச் சேர்த்திருக்கிறோம், தொண்ணூறு நாள். பதினாலு நாள் ஆச்சு என்றார். முந்தின ரெண்டு தடவையும் எண்ணத்தான் செஞ்சிய என்றேன். மீதி நேரத்தை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று வைத்துவிட்டேன்.

துணி துவைத்தேன். அறைத்தோழி செல்வராணி, முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறாள், தேவகோட்டைப் பெண், கோழிக்குழம்பு வைத்தாள்.

ஜனவரி 25, வெள்ளி

இன்று பதினொன்று. எல்லாவற்றையும் துப்பினேன்.

ஜனவரி 29, செவ்வாய்

தைவான். அங்கே வெயில் அதிகம், பீப்பாயில் சீக்கிரம் முற்றிவிடுகிறதாம். முதலில் பழுத்த மாம்பழத்தின் காம்புப் பக்கம். பிறகு ஈரச் சாக்கு. பிறகு காய்ச்சின கருப்பட்டிப் பாகு, அடிப்பிடிப்பதற்கு ஒரு நொடி முன்னால். நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். மேடம் எழுதிக்கொண்டே வந்தார்.

தொண்டையில் இறங்கிய பிறகு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் நல்ல விஸ்கியின் தரம் இருக்கிறது, துப்பினால் அது தெரியாது என்று மிஸ்டர் கெர் சொன்னார். மேடம் அவரை முறைத்தார். பிறகு தொலைபேசி வந்து வெளியே போனார்.

அந்த ஒன்றை மட்டும் விழுங்கிப் பார்த்தேன். மருந்து அளவுதான். நெஞ்சுக்குள் யாரோ விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. நின்றது, வெகுநேரம் நின்றது. அதைச் சரியாகச் சொன்னதால் தைவான் பட்டியலில் சேர்ந்தது. வேலைக்காகச் செய்தது.

பிப்ரவரி 3, ஞாயிறு

ஜெரால்டு: இருபத்தெட்டு நாள். அங்கே தோட்டத்தில் வேலை செய்கிறாராம், கத்தரி வைத்திருக்கிறாராம். ஜோஸ்லின்: கணக்கில் நாற்பத்தேழு. அக்கா: ஜோஸ்லின் இப்போதெல்லாம் ராத்திரி அலறி எழுவதில்லை.

இந்த வாரம் பின்சுவைக்காக விழுங்கியது நான்கு. தேவைப்பட்டவை மட்டும்.

பிப்ரவரி 6, புதன்

சீனப் புத்தாண்டு. இரண்டு நாளாகச் சுவைப்பு இல்லை. மீன் வேலையும் பாதி நாள்தான். என்னவோ உட்கார முடியவில்லை. அறையைத் துடைத்தேன், ஜன்னல் கம்பியைத் துடைத்தேன், செல்வராணியின் செருப்பைக்கூடக் கழுவி வைத்தேன். தலைவலி. ஊர்க்காற்று இல்லாததால் இருக்கும்.

பயிற்சிக்காக மாதிரிப் பாட்டில் இரண்டு கொண்டு வந்திருக்கிறேன். விரல் நீளம்தான் இருக்கும். அயர்லாந்து ஒன்று, ஜப்பான் ஒன்று. அயர்லாந்து: பச்சை ஆப்பிள் தோல், புதுப் பாய். ஜப்பான்: மழை பெய்து ஓய்ந்த கோயில்மரம், ஊதுவத்தி அணைந்த பிறகு. எழுதிப் பழகினேன். தலைவலி போய்விட்டது.

பிப்ரவரி 12, செவ்வாய்

இன்று என் நாள். இருபத்தைந்து வருடம் பீப்பாயில் கிடந்த ஸ்காட்லாந்துச் சரக்கு ஒன்றை மிஸ்டர் கெர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். மரம் இதைத் தின்றுவிட்டது, மிச்சம் இருப்பது பீரோவைத் திறந்த வாசம்தான் என்றேன். முன்பானால் சொல்லியிருக்க மாட்டேன். கோவாவிலிருந்து வந்த ஏழு வருடச் சரக்கை வையுங்கள், இதில் வறுத்த முந்திரித் தொலியும் பலாச்சுளையும் இருக்கின்றன என்றேன். மேடம் இரண்டையும் எது எது என்று சொல்லாமல் கிளாஸில் ஊற்றி மூன்று பேருக்கும் மறுபடி கொடுத்தார். மூன்று பேரும் கோவாவையே எடுத்தோம், மிஸ்டர் கெர்கூட.

சுவைப்பு ஆரம்பிக்கும் முன் ஒரு மிடறு உள்ளே போயிருந்தால் வார்த்தை தடையில்லாமல் வருகிறது. இதை நான் கவனித்திருக்கிறேன்.

மேடம் ஒவ்வொரு மிடறையும் உதட்டைக் குவித்துச் சுத்தமாகத் துப்புகிறார். அவருடைய துப்பும் குவளை நிறைகிறது. என்னுடையது பாதிதான் இருக்கிறது என்று இன்று பார்த்தேன். தண்ணீர் ஊற்றிச் சமன் செய்தேன்.

பிப்ரவரி 17, ஞாயிறு

ஜோஸ்லின் பிறந்தநாள். மதியம் ஒரு மணிக்கு வீடியோவில் கேக் வெட்டுவதாகப் பேச்சு. சற்றே கண்ணயர்ந்தேன். விழித்தபோது ஐந்தே கால். பதினேழு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். ஜெரால்டும் கூப்பிட்டிருக்கிறார்.

அக்கா எடுத்ததும் போனை ஜோஸ்லினிடம் கொடுத்துவிட்டாள். உனக்காக மெழுகுவத்திய ரெண்டு தடவ அணைச்சு அணைச்சு ஏத்துனோம்மா என்றாள். ஒரு வாரமாக ஓயாத வேலை, அசந்துவிட்டேன் என்றேன். அது உண்மைதான்.

பிப்ரவரி 22, வெள்ளி

செல்வராணி என் துணி அலமாரியை ஏன் திறந்தாள் என்று தெரியவில்லை. இஸ்திரிப் பெட்டி தேடினாளாம். இப்போதெல்லாம் நான் வந்ததும் ஜன்னலைத் திறந்து வைக்கிறாள். கேட்டால் புழுக்கம் என்கிறாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு எல்லாரும் நோயாளியாகத் தெரிவார்கள் போலிருக்கிறது.

கிராம்பு வாங்கினேன். பல்வலிக்கு.

மார்ச் 1, வெள்ளி

டாஸ்மேனியா, தென்னாப்பிரிக்கா, வேல்ஸ். எதுவும் எழுதவில்லை. நினைவில் இருக்கிறது.

மார்ச் 6, சாம்பல் புதன்

காலையில் கோயிலுக்குப் போனேன். நெற்றியில் சாம்பல் பூசியபோது சாமியார் குனிந்தார். மூச்சை அடக்கிக்கொண்டேன். ஏன் அடக்கினேன் என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

எழுதி வைக்கிறேன்: உயிர்த்த ஞாயிறு வரை ஒரு சொட்டும் விழுங்க மாட்டேன். மாதாவே சாட்சி.

மார்ச் 7, வியாழன்

காலையில் மீன் பெட்டி தூக்கும்போது கை நடுங்கியது. உடம்பெல்லாம் வியர்வை, குளிர் அறைக்குள்ளேயே. கொடுவா மீனை முகர்ந்தேன், ஒன்றும் தெரியவில்லை. பயந்துபோனேன். மூக்கு போனால் எல்லாம் போச்சு. மதியம் சுவைப்பு வேறு இருக்கிறது, கிளாஸை எப்படிப் பிடிப்பேன்.

கை நிற்பதற்காக ஒரே ஒரு மிடறு. நின்றது.

மார்ச் 8, வெள்ளி

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 15, வெள்ளி

முடிந்தது. ஹோட்டல் முதலாளிகள் நான்கு பேர் முன்னால் கடைசிச் சுவைப்பு. லேபிள் இல்லாத பன்னிரண்டு கிளாஸ். எந்த நாடு, என்ன பீப்பாய், ஏன் இந்தப் பட்டியலில் இருக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். பதினொன்றைச் சரியாகச் சொன்னேன். ஜூனிபர் என்ற புதரின் கட்டைப் புகை போட்ட ஸ்வீடன் சரக்கை ஒருவர் ஸ்காட்லாந்து என்று சாதித்தார். இது ஸ்காட்லாந்தில் எரிக்கிற சதுப்பு மண்ணின் புகை இல்லை, பச்சைச் செடியை எரித்த புகை என்று நான் விடவில்லை. மேடம் பாட்டிலைச் சுற்றியிருந்த உறையைப் பிரித்துக் காட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள்.

காலை ஐந்தரை மணிக்கு எழுந்ததிலிருந்து எத்தனை மிடறு என்று எழுதப் போவதில்லை. யாருக்கும் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஒருவருக்காவது தெரிந்திருக்கலாம்.

மார்ச் 17, ஞாயிறு

பதவிக் கடிதம் வந்துவிட்டது. ஜோஸ்லினுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். அக்கா அழுதாள். ஜோஸ்லின் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். ஸ்கூலில் தமிழ் உண்டா, மாடியிலிருந்து கடல் தெரியுமா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அங்க வீட்ல அந்த வாசம் அடிக்காதுல்லம்மா?"

அவளுக்கு என் மூக்கு. ஜெரால்டு தெருமுனையில் திரும்பும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். எழுந்து மாமி வீட்டுக்குப் போய்விடுவாள். நாலு வயதில்.

அடிக்காது என்றேன். அப்போது மணி பதினொன்று. வாயில் கிராம்பு இருந்தது.

மூன்று மணிக்கு ஜெரால்டு கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

காலையில் மிச்சம் இருந்த மூன்று பாட்டிலையும் கழுவுதொட்டியில் கொட்டினேன். கடைசியாகக் கொட்டியது ஜப்பான் பாட்டில். மனசு லேசாக இருந்தது. அரை மணி நேரம் கழித்துக் காலி பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் குடித்தேன். மூன்று பாட்டிலிலும்.

இதை ஜெரால்டு செய்து நான் பார்த்திருக்கிறேன். சமையல்கட்டில் நின்று சிரித்தேன் அன்றைக்கு. நாய்கூட இப்படி நக்காது என்று சொன்னேன், ஜோஸ்லின் கேட்கும்படி.

திரும்பினால் செல்வராணி கதவருகே நிற்கிறாள். நைட் டியூட்டி முடிந்து வந்திருக்கிறாள். என் கையிலிருந்த பாட்டிலை வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, "அக்கா, சாப்டீங்களா?" என்று கேட்டாள். அவள் திட்டியிருக்கலாம்.

இந்த நோட்டை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். வேலைக்காக, மருந்து அளவு, தலைவலி, பல்வலி. பாட்டில்களை நான் கேட்டு வாங்கவில்லை. ஏப்ரனுக்குள் வைத்து எடுத்து வந்தேன், பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து.

மார்ச் 24, ஞாயிறு

மூன்று மணிக்கு எடுத்தேன். எழுபத்தேழு நாள் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நான்தான் சாப்பாடு, கத்தரிச்செடி என்று ஏதேதோ கேட்டேன்.

"பெனி, எத்தன நாளா?" என்றார்.

எது எத்தனை நாள் என்று கேட்டேன்.

"நீ ஒவ்வொரு பேச்சுக்கு முன்னாலயும் ஒரு மூச்சு எடுக்க. நாக்கு குழறாம பேசணும்னு எடுக்குற மூச்சு. நான் பதினோரு வருசம் உங்கிட்ட அப்படித்தான பேசுனேன். எனக்குத் தெரியாதா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த மூச்சு எனக்கே கேட்டது. அழுகை வந்துவிட்டது. ஜனவரி கடைசி என்றேன். காலையிலயேவா என்று கேட்டார். ஆமா என்றேன். கை நடுங்குதா என்றார். ஆமா. கண்ணுக்கு ஓரமா எதுவும் ஊருற மாதிரி தெரியுதா? இல்லை, இன்னும் இல்லை.

பிள்ளைப்பேற்றுக்குப் போனவளிடம் மருத்துவச்சி கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார். குரலில் சந்தோஷம் இருக்குமோ என்று கூர்ந்து கேட்டேன். நான் அவரிடம் அப்படித்தான் இருந்திருக்கிறேன், அவர் விழும்போதெல்லாம் எனக்குள் ஒரு திருப்தி இருந்திருக்கிறது. அவர் குரலில் அது இல்லை.

"டக்குனு நிறுத்திராத, என்ன. வலிப்பு வந்துரும். எங்கூட இருந்தவன் ஒருத்தன் அப்படித்தான் போனான். நாளைக்கே டாக்டரப் பாரு. எல்லாத்தையும் உள்ளபடி சொல்லு, அளவக் கொறச்சுச் சொல்லாத. நாம கொறச்சுத்தான் சொல்லுவோம்."

நாம என்றார். அந்த வார்த்தையைப் பிடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

ஜோஸ்லினுக்கு விண்ணப்பம் எழுதிவிட்டேன், நாளை கொடுக்க வேண்டும் என்றேன். கொடுக்காதே என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். நான் என்னத்த சொல்ல, எனக்கு அதுல சொல்ல வாயில்ல என்றார். பத்து நிமிடம் முடிந்துவிட்டது.

மார்ச் 25, திங்கள்

டாக்டரிடம் போனேன். செல்வராணி லீவு போட்டுக்கொண்டு கூட வந்தாள். எவ்வளவு என்று கேட்டார். பாதி சொன்னேன். செல்வராணி என்னைப் பார்த்தாள். பிறகு முழுவதும் சொன்னேன்.

மார்ச் 26, செவ்வாய்

பொலின் மேடத்திடம் சொன்னேன். பாட்டில் எடுத்ததையும் சொன்னேன். விண்ணப்பத்தைக் கிழித்துக் கையில் வைத்திருந்தேன், அதையும் மேசையில் வைத்தேன். என்னத்துக்கு அதை வைத்தேன் என்று தெரியவில்லை.

அவர் முகம் சிவந்துவிட்டது. என் மேசையில் உட்கார்ந்து என்னையே ஏமாற்றினாய் என்றார். உன்னைப் போல ஒரு மூக்கை இருபது வருடத்தில் பார்த்ததில்லை என்றார். எழுந்து ஜன்னலிடம் போய் நின்றுகொண்டார். திரும்பி வரும்போது குரல் மாறியிருந்தது. உன் குவளையில் தண்ணீர் கலந்திருப்பதைப் பிப்ரவரியிலேயே பார்த்தேன், பட்டியல் நன்றாக வந்துகொண்டிருந்ததால் கேட்காமல் விட்டேன் என்றார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

பதவி இல்லை. மருத்துவ விடுப்பு ஒரு மாதம். அதன் பிறகு மறுபடி பின்வாசல், மீன். டாக்டர் சம்மதித்தால். பார் இருக்கும் மாடிக்கு இனி நான் போகக்கூடாது. அறுபது விஸ்கியில் இருபத்தெட்டு நான் தேர்ந்தெடுத்தவை. ஏப்ரலில் பட்டியல் அச்சாகும்போது அவற்றின் கீழே என் வார்த்தைகள் ஆங்கிலத்தில் இருக்கும்.

மார்ச் 29, வெள்ளி

மாத்திரை. தூக்கம். வாந்தி. எல்லாவற்றிலும் கருப்பட்டி வாசம் அடிக்கிறது, இல்லாத இடத்திலும்.

மார்ச் 31, ஞாயிறு

ஆறு நாள். எண்ணக்கூடாது என்று நினைத்தேன், எண்ணுகிறேன்.

அக்காவிடம் முன்பே சொல்லிவிட்டேன். அவள் போனைப் பிடித்துக்கொண்டே வெகுநேரம் அழுதாள், உனக்குமாடி என்று மட்டும் கேட்டாள். ஜோஸ்லினிடம் நானே சொல்கிறேன் என்றேன். வேலை கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம், சின்னப் பிள்ளைதானே என்றாள் அக்கா. வேண்டாம் என்றேன்.

காலை பத்து மணிக்கு வீடியோவில் வந்தாள். தலையில் எண்ணெய் வைத்துச் சீவியிருந்தாள். அப்பாவுக்கு வந்த சீக்கு அம்மாவுக்கும் வந்திருக்கிறது, மருந்து சாப்பிடுகிறேன், இந்த வருடம் உன்னைக் கூட்டிவர முடியாது என்றேன். அவள் முகத்தைக் கேமராவுக்கு வெகு அருகில் கொண்டுவந்து என்னைப் பார்த்தாள். முகர்ந்து பார்க்கிறாள் என்று தோன்றியது. அத்தனை மைல் தாண்டி.

"அப்ப நீயும் அடிப்பியாம்மா?"

மாட்டேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவளுடைய அப்பா ஒவ்வொரு முறை அடித்த பிறகும் அதைத்தான் சொன்னார்.

"தெரியலம்மா. அடிக்கக் கூடாதுன்னுதான் மருந்து சாப்பிடுதேன். அதுவரைக்கும் நீ பெரியம்மாகிட்டயே இரு."

தலையாட்டினாள். அழவில்லை. கடிதம் வந்த அன்றே பழைய சூட்கேஸ் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கட்டிலுக்கடியில் துணி அடுக்கி வைத்திருக்கிறாளாம், எனக்குத் தெரியாது.

"அப்ப எல்லாத்தையும் எடுத்துறட்டா?"

எடுத்துரு என்றேன்.

போனைத் தலையணையில் சாய்த்து வைத்தாள். எனக்குக் கூரையும் மின்விசிறியும் மட்டும்தான் தெரிந்தன. ஜிப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக எடுத்து, இது பெறந்தநாள் கவுன், இது பெரியம்மா தச்சது, இது இப்ப பத்தாது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே அலமாரியில் வைத்தாள். கடைசித் துணி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.